எங்கள் பட்டாளத்துத் தாத்தா: அவரைப் பேச வைத்ததும், அவர் காகிதங்களைச் சரிசெய்ததும்

எங்கள் தாத்தா 2023இல் தவறினார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று எல்லாரும் சொல்லும் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) படைப்பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வேலூர் மாவட்டத்தில் இது ஒரு அதிசயமே கிடையாது. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் ஊரும் அந்த வட்டாரம்தான். அதனாலேயே இதை எழுதத் தோன்றியது. நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, பெட்டியில் இருக்கும் காகிதங்களை என்ன செய்வது, நாளைக்கு அவர் இல்லையென்றால் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, பென்ஷன் எப்படி வரும் என்பதையெல்லாம் யாரும் நேரத்தோடு பேசுவதில்லை. தாத்தாவைப் பற்றிச் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை, கூடவே எங்களுக்கு எது உதவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1962இல் சீனப் போர் முடிந்த கையோடு ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்கள். தாத்தா 1963இல், பத்தொன்பது வயதில், பெங்களூருக்கு ரயிலேறினார். அல்சூர் ஏரிப் பக்கம்தான் எம்.இ.ஜி. சென்டர். 1780இல் தொடங்கிய படை அது. முதலில் சிப்பாய்ப் பயிற்சி, அப்புறம் சாப்பர் வேலை, அப்புறம் ஆளுக்கு ஒரு கைத்தொழில். சாப்பர் என்றால் பாலம் போடுவான், பாதை வெட்டுவான், கண்ணிவெடி புதைப்பான், எதிரி புதைத்ததை எடுப்பான், படைக்குத் தண்ணீர் வசதி செய்து கொடுப்பான். தாத்தாவுக்குக் கிடைத்த கைத்தொழில் தச்சு. எட்டாவது வரை படித்தவர், இந்தியை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். கடைசி வரைக்கும் வேலை முடிந்தால் "கதம்" என்றுதான் சொல்வார், ஆயா அடுப்பை அணைப்பதும் அவருக்கு "கதம்"தான்.

அப்பாவும் அம்மாவும் ஓசூரில் வேலையில் இருந்ததால் நானும் தம்பியும் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை தாத்தா ஆயாவிடம்தான் வளர்ந்தோம். காய்ச்சல் அடித்தாலும் காலையில் முகச்சவரம் பண்ணாமல் இருக்க மாட்டார். எங்கள் ஷூவுக்கு பாலிஷ் போடுவது அவர் வேலை, அதை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டார். துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, பாலிஷை லேசாகத் தொட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். பள்ளியில் எங்கள் இரண்டு பேர் ஷூவை வைத்தே பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் ஒன்றாவது போனபோது வேப்பமரப் பலகையில் ஒரு மேசை செய்து கொடுத்தார். ஆணியே அடிக்காமல் காலும் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரி செய்தது. நான் வளர வளர, கோடை விடுமுறையில் என்னைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து, மேசைக் கால்களுக்கு அடியில் அதே மரத்தில் ஒட்டுக்கட்டை சேர்ப்பார். இப்போதும் அந்த மேசைக் காலில் கட்டை கட்டையாக நிறம் மாறி மாறித் தெரியும். தம்பி கணக்கில் தடுமாறியபோது தாத்தா திட்டவே இல்லை. "எனக்கு இது தெரியாதுடா, நீ எனக்குச் சொல்லிக் குடு" என்று எதிரே உட்கார்ந்துகொள்வார். இவன் சொல்வான், அவர் புரியவில்லை என்பார், இவன் மறுபடியும் சொல்வான். நிஜமாகவே அவருக்குத் தெரியாதா, வேண்டுமென்றே கேட்டாரா என்று தம்பி இன்றைக்கும் யோசிப்பான். எனக்கென்னவோ இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. பத்தாவது பரீட்சைக்குள் அந்தப் புத்தகத்தை இரண்டு பேரும் சேர்ந்தே முடித்துவிட்டார்கள்.

சண்டைக் கதை மட்டும் சொல்ல மாட்டார். சொந்தக்காரர்கள் வந்தால் "சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க" என்று ஆரம்பிப்பார்கள், அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். எந்தப் பழைய சிப்பாயிடமும் கேட்காதீர்கள். போரைப் பற்றி நேராகக் கேட்டால் வாய் மூடிக்கொள்கிறவர்கள், சாப்பாடு, குளிர், துணி, லீவு, கூட இருந்தவன், ஏமாற்றுக்கார சமையல்காரன் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். கையில் ஏதாவது வேலை இருக்கும்போது இன்னும் நன்றாகப் பேசுவார்கள். தாத்தா வாயிலிருந்து வந்ததில் பாதி, உளியைத் தீட்டும்போதோ கடலை உரிக்கும்போதோ வந்ததுதான்.

ஒருமுறை நிலக்கடலை பறித்து முடித்த கொல்லையில், மண்ணில் தங்கிப்போன காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நான் களைக்கொத்தை நேராகக் குத்திக் குத்திக் காயை உடைத்துக்கொண்டிருந்தேன். "மேல இருந்து குத்தாத, சாய்ச்சி விடு" என்றார். சொல்லிவிட்டு என்ன நினைத்தாரோ, டிபன் டப்பா மூடியை எடுத்து ஒரு இடத்தில் புதைத்தார், மோட்டார் கொட்டகையில் கிடந்த சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை எடுத்து வந்தார், எழுபது வயசு மனுஷன் அப்படியே மண்ணில் குப்புறப் படுத்துவிட்டார். முதலில் வெறுங்கையை முன்னால் நீட்டித் தரையோடு தரையாக மெதுவாகத் தடவினார், கண்ணுக்குத் தெரியாத கம்பி ஏதும் கட்டியிருக்கிறதா என்று பார்க்க. அப்புறம் சைக்கிள் கம்பியைச் சாய்வாக, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் விட்டார். எடுத்தார். நாலு விரல் தள்ளி மறுபடி விட்டார். மிதித்தால் வெடிக்கிற கண்ணிவெடிக்குப் பெரும்பாலும் உச்சந்தலையில் அழுத்தம் பட்டால்தான் ஆபத்து, சாய்வாகப் போனால் கம்பி அதன் விலாவில்தான் இடிக்கும். மூடியில் கம்பி பட்டதும் கை அப்படியே நின்றது. கம்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, விரல் நுனியால் பக்கவாட்டில் மண்ணை எடுத்தார், மூடியின் ஓரம் தெரிந்தது. டாங்கிக்கு வைக்கும் வெடி ஆள் மிதித்தால் சாதாரணமாக வெடிக்காது, ஆனால் அதை எடுக்க வருகிறவனுக்காகப் பக்கத்திலேயே சின்னது வைத்திருப்பான் என்றார். இதையெல்லாம் டிசம்பர் மாதக் குளிரில், ராத்திரியில், விளக்கில்லாமல், விரல் மரத்துப் போய், வாயால் ஊதி ஊதிச் சூடு பண்ணிக்கொண்டு செய்திருக்கிறார்கள். சுத்தம் பண்ணிய இடத்தை இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக் காட்டிக்கொண்டே போக வேண்டுமாம், பின்னால் டாங்கி வருமே.

அப்போதுதான், படுத்த வாக்கிலேயே, "குடியாத்தத்துக்காரன் எனக்கு வலப்பக்கம் இருந்தான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் தாத்தா ஒரு பையில் வேட்டி, புடவை, வெல்லம், கொல்லைக் கடலை எடுத்துக்கொண்டு குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வருவார். தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆயாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. நான் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை, அது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அவர்கள் நிறுத்துகிற இடத்தில் நாமும் நின்றுவிட வேண்டும். மிச்சத்தைச் சொல்லத் தோன்றினால் அவர்களே வருவார்கள், தாத்தாவும் பல வருஷம் கழித்து ஒருநாள் அந்த நண்பரின் பெயரையும் அவர் எப்படிப் பாடுவார் என்பதையும் சொன்னார். இறந்த கதையைச் சொல்லவில்லை. பாடுவதைச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் 1971 போரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். டிசம்பர் 3ஆம் தேதி போர் தொடங்கியது, மேற்கில் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் நம் படை கண்ணிவெடி வயல்களைத் தாண்டித் தாண்டித்தான் முன்னேற வேண்டியிருந்தது. பசந்தர் ஆற்றைத் தாண்டுகிற சண்டையில், 15ஆம் தேதி ராத்திரி, சாப்பர்கள் பாதையை முழுசாகச் சுத்தம் பண்ணி முடிப்பதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் அந்த வயலுக்குள் இறங்கிப் போக வேண்டியதாயிற்று. மறுநாள் அங்கேதான் இருபத்தொரு வயது அருண் கேதர்பால் டாங்கிச் சண்டையில் உயிரைக் கொடுத்தார், இறந்த பிறகு அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். தாத்தாவின் கம்பெனி இருந்தது அந்த வட்டாரத்தில். இந்த விவரம் தெரிந்துகொண்டதால் என்ன லாபம் என்றால், என் கேள்வி மாறியது. "போர் எப்படி இருந்தது" என்று கேட்டால் "என்னத்த சொல்றது" என்பார். "ஆத்துக்கு இந்தப் பக்கமா இருந்தீங்க, அந்தப் பக்கமா" என்று கேட்டபோது காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, பலகைத் துண்டிலேயே ஆற்றை வரைந்தார், கரும்புத் தோட்டம் எங்கே, மேடு எங்கே, தண்ணீர் டிரம் எங்கே நின்றது என்று எல்லாம் வந்தது. அந்தப் பலகைத் துண்டு பத்திரமாக இருக்கிறது. உங்கள் தாத்தாவின் யூனிட், வருஷம், இடம் மூன்றையும் தெரிந்துகொண்டு ஒரு வரைபடத்தை அச்செடுத்து அவர் முன்னால் விரித்து வையுங்கள், அது போதும்.

குரலைப் பதிவு செய்யவும் ஒரு வழி பிடிபட்டது. தாத்தாவிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன், "பண்ணிக்கோ, ஊர் பூரா போடாத" என்றார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டாமல் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுவேன், படம் எடுக்கவில்லை, குரல் மட்டும். ஒரு பதிவு கால் மணி நேரத்துக்கு மேல் போகாது, அன்றைக்கே கோப்புக்குத் தேதியும் விஷயமும் பெயராகக் கொடுத்துவிடுவேன். "தாத்தா பேச்சு 7" என்று பெயர் வைத்தால் பத்து வருஷம் கழித்து எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய போட்டோக்களுக்கும் இதே கதைதான். வரிசையாக நிற்கும் முப்பது பேரில் பெயர் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அதனால் போட்டோவைப் பார்த்துக்கொண்டே அவர் பெயர் சொல்ல, தம்பி பின்பக்கம் பென்சிலால் எழுதினான். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

பெட்டிக்குள் கடிதக் கட்டும் இருந்தது. கருப்பு டிரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் நம்பர், ராங்க், பெயர். அவர் ஆயாவுக்கு எழுதியவை. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, போஸ்ட்மேன் படித்துக் காட்டுவாராம், அதனால் எதிலும் அன்பே ஆருயிரே கிடையாது. கூரைக்கு ஓலை மாற்றியாச்சா, கடலைக்கு விதை யாரிடம் வாங்கினாய், பிள்ளைக்கு அம்மை ஊசி போட்டாயா, மணியார்டர் வந்ததா. கடைசி வரி மட்டும் எல்லாக் கடிதத்திலும் ஒன்று, "நீ வயிறாரச் சாப்பிடவும்." அனுப்புநர் முகவரியில் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றுதான் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது, புருஷன் காஷ்மீரில் இருக்கிறானா அஸ்ஸாமில் இருக்கிறானா என்றே தெரியாமல் ஆயா பல வருஷம் இருந்திருக்கிறாள். அந்தக் கடிதங்களைப் பிரிக்கும்போது மடிப்பில் கிழியும், ஆகவே முதல் தடவை பிரிக்கும்போதே பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். செல்லோடேப் மட்டும் போடாதீர்கள், கொஞ்ச வருஷத்தில் பழுப்பேறிக் காகிதத்தையும் தின்றுவிடும்.

இப்போது காகித வேலை. இது சுவாரசியமாக இருக்காது, ஆனால் நான் எழுதுவதில் உங்களுக்கு அதிகம் உதவப் போவது இதுதான். முன்னாள் ராணுவத்தினர் வீட்டில் இரண்டு காகிதம்தான் உயிர், ஒன்று படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம், இன்னொன்று பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் ஆணை. அந்தக் காலத்தில் ஓய்வு பெற்றவர்களின் பி.பி.ஓ. பலவற்றில் மனைவி பெயரே இருக்காது. இருந்தாலும் கிளார்க் காதில் விழுந்த மாதிரி எழுதியிருப்பார். எங்கள் ஆயாவின் பெயர் ராணுவ ஆவணத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பேங்க் புத்தகத்தில் இன்னொரு மாதிரி, பிறந்த தேதி ராணுவத்தில் பதிவாகவே இல்லை. கணவர் உயிரோடு இருக்கும்போது இதைச் சரிசெய்தால் அவர் கையெழுத்தோடு முடிந்துவிடும். அவர் போன பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி தான் இன்னாருடைய மனைவிதான் என்று நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும். நினைத்தாலே எனக்குக் கோபம் வரும்.

வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, நம் ஆட்கள் சைனிக் போர்டு என்பார்கள், அங்கே கேட்டுக்கொண்டு, உறுதிமொழிப் பத்திரம், ஆதார், இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் இணைத்துப் படைக்காரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் பெங்களூர் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினோம். பதில் வர மாதக்கணக்கானது, திரும்பத் திரும்ப எழுதினோம், வந்தது. அந்தப் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனபோது தாத்தா மெடல் குத்திக்கொண்டு வந்தார், ஆயா கல்யாணத்துக்கு அப்புறம் இப்போதுதான் ஜோடியாக நிற்கிறோம் என்று சிரித்தாள்.

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் உயிர்ச் சான்றும் வருஷா வருஷம் ஒரு பாடு. தச்சு வேலையும் கொல்லை வேலையும் செய்து தாத்தாவின் விரல் ரேகை தேய்ந்துபோய், கைரேகை மிஷினில் விழவே விழாது, துடைத்துத் துடைத்து வைப்பார். 2021இல் முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கிற வசதி வந்தபிறகு போனிலேயே முடிந்தது, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி வாசலில் உட்கார வைத்தால் போதும். இப்போது ராணுவப் பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் இணையதளத்துக்குப் போய்விட்டது. தாத்தா அதையும் "அலகாபாத்" என்றேதான் சொல்வார், பென்ஷன் ஆபீஸ் அங்கே இருப்பதால். ஸ்பர்ஷில் ஒரு தடவை உள்ளே போய், மனைவி பெயர், பிறந்த தேதி, ஆதார், மொபைல் நம்பர் நான்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பேங்க் கணக்கையும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வைத்துக்கொள்ளலாம். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் அட்டை பீரோவுக்குள் பூட்டி இருக்கக் கூடாது, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது கைக்குக் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கு உடனே தகவல் சொல்லிவிடுங்கள்.

தாத்தா கடைசியில் அதிகம் படுக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டி, சேர்த்து, ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. படுக்கையில் இருந்தபோதும் நர்ஸ் உள்ளே வந்தால் போர்வையை நேராக இழுத்துவிடச் சொல்வார்.

சாவன்று ஊர் இளைஞர்கள் தேசியக் கொடி வாங்கி வந்துவிட்டார்கள், உடம்பின் மேல் போர்த்தலாம் என்று, நல்ல மனசோடுதான். எங்கள் பக்கத்து முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் அவர்களைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பொறுமையாகச் சொன்னார். அரசு மரியாதையோடோ படைத்துறை மரியாதையோடோ நடக்கும் இறுதிச் சடங்கில்தான் தேசியக் கொடியைப் போர்த்தலாம், கொடி விதி அப்படித்தான் சொல்கிறது, அப்போதும் கொடியை எரிக்கவோ குழியில் இறக்கவோ கூடாது. ஓய்வு பெற்ற எல்லாருக்கும் அந்த மரியாதை தானாகக் கிடைக்காது. கொடியை மடித்து மரியாதையாக வைத்துவிட்டார்கள். அதற்குப் பதில் சங்கத்துப் பெரியவர்கள் கோட்டும் மெடலுமாக இரண்டு வரிசையில் நின்றார்கள், மலர்வளையம் வைத்தார்கள், எண்பதை நெருங்கிய ஒருவர் சொந்தக்காரர்கள் தாங்கிப் பிடித்திருக்க, பிடித்த கையை உதறிவிட்டு நேராக நின்று சல்யூட் அடித்தார். எனக்கு அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. குடியாத்தத்து வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள், அந்த நண்பரின் தங்கை, பேரப்பிள்ளைகள் எல்லாரும். பொங்கலுக்கு இப்போது தம்பி போகிறான்.

இறப்புச் சான்றிதழ் வந்ததும் ஸ்பர்ஷில் தகவல் சொன்னோம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இறந்த தேதிக்குப் பிறகும் கணக்கில் விழுகிற பென்ஷனை எடுத்துச் செலவு செய்துவிட்டால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், சாவு வீட்டில் கை கடிக்கிற நேரத்தில் அது பெரிய தலைவலி. ஆயாவின் பெயர், தேதி எல்லாம் முன்பே சரியாக இருந்ததால் குடும்பப் பென்ஷன் சண்டை சச்சரவில்லாமல் வந்துவிட்டது. முதல் மாதம் பணம் ஏறியதும் ஆயா அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொடுத்து, கடலை விதை வாங்கி வரச் சொன்னாள்.

மெடல்களை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. பிரிக்க வேண்டாம், ஒரே வீட்டில் சேர்ந்தே இருக்கட்டும் என்று முடிவானது, தம்பி வீட்டில் இருக்கின்றன. 1965க்கான ரக்ஷா மெடல், 1971க்கான சங்ராம் மெடல், பஸ்சிமி ஸ்டார், சுதந்திர வெள்ளிவிழா மெடல் எல்லாம். வட்டமான மெடல்களின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், நம்பர், ராங்க், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வீட்டில் வேறு காகிதமே இல்லாதவர்களுக்கு அவர் எந்தப் படை என்று கண்டுபிடிக்க அந்த ஒரு வரி போதும். பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்துதான் முதலில் தேயும், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பிரேம் போடும் கடைக்காரர் பின்பக்கம் பசை போட்டு ஒட்டப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லி நூலால் கட்டச் சொன்னோம், எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்து விளிம்பைப் படிக்கலாம்.